எழுபதாம் வருஷம், காலை ஐந்தரை மணி

ஏலப்பாறைப் பக்கம் கொழுந்து எடை போடும் கொட்டகை ஒன்றுக்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். தராசு சொல்லும் எடையை வாங்கி, பெயரும் தேதியும் நேரமும் சேர்த்துச் சீட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சி மொழியில் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு, சீட்டு வாங்கிய அக்கா ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்ன தம்பி, எழுபதாம் வருசம்னு போட்டிருக்கு? நான் பொறந்ததே எழுபத்தி நாலுலதான். பொறக்கறதுக்கு முன்னாடியே கொழுந்து எடுத்தேனா?"

சீட்டில் 01-01-1970 05:30 என்று இருந்தது. எடை மட்டும் சரி. அந்தச் சின்னக் கணினிக்குள் கடிகாரத்தைக் காக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போனதும் கடிகாரம் நின்றுவிட்டது. நிரல் நேரம் கேட்டபோது பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதி வைக்கவுமில்லை. பதிலுக்கு ஒதுக்கிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. அந்தப் பூஜ்யத்தைத்தான் நிரல் அழகாகத் தேதியாக்கி அச்சடித்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அந்த அக்கா கேட்டது வேடிக்கைக்காகத்தான். ஆனால் சி மொழியில் காலத்தைக் கையாளும் விவகாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். கணம் என்பது ஒன்று, தேதி என்பது இன்னொன்று. கணம் உலகத்துக்கெல்லாம் பொது, எண்ணிவிடலாம். தேதியோ மனிதர்கள் பேசி ஒத்துக்கொண்ட பெயர். ஊருக்கு ஊர், அரசுக்கு அரசு மாறும். சி மொழி முன்னதை நன்றாகக் கையாளும், பின்னதை அரைகுறையாகத்தான் கையாளும். நம் நிரல்களில் வரும் தேதிப் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

ஏலப்பாறை இதைப் பேசப் பொருத்தமான இடம். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில், வாகமணுக்குப் பிரியும் ஊர். பேரில் ஏலம், சுற்றிலும் தேயிலை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுச் சுவர்களில் தமிழ் தினசரிக் காலண்டரும் மலையாளக் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு மட்டும் இங்கிலீஷ் மாதத்தில். ஒரே நாளுக்கு மூன்று பெயர்.

எங்கிருந்து எண்ணுவது

சி மொழியின் 'டைம்' என்ற செயல்கூறு தருவது ஒரே ஓர் எண். அந்த எண்ணின் வகைக்கு டைம்-டி என்று பெயர். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடி ஆனது என்ற கணக்கு. இந்தியா கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே ஓடுவதால், பூஜ்யம் நமக்குக் காலை 5.30 ஆகிறது. இந்தியாவில் எந்த மூலையிலும் ஒரு செயலியோ ரசீதோ 1970, 5.30 என்று காட்டினால், உள்ளே யாரோ நேரம் வராததைக் கவனிக்கவில்லை என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை: பிரிட்டன் 1968 முதல் 1971 வரை கடிகாரத்தை வருஷம் முழுக்க ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தது. ஆகவே கிரீன்விச் இருக்கும் லண்டனிலேயே அந்தப் பூஜ்யம் நள்ளிரவாகத் தெரியாது. ஒரு மணி என்றுதான் காட்டும்.

இந்தத் தொடக்கம் வேதவாக்கு அல்ல. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டில் தொடக்கம் 1971 ஜனவரி 1. எண்ணியது நொடியை அல்ல, நொடியின் அறுபதில் ஒரு பங்கை. 32 பிட்டுகளில் அப்படி எண்ணினால் இரண்டேகால் வருஷத்துக்குச் சற்று மேல், 828 நாளில், இடம் தீர்ந்துவிடும். கொஞ்ச காலம் தொடக்கத்தை நகர்த்தி நகர்த்திச் சமாளித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு நொடிக்கு வந்தார்கள். சி மொழியின் தரநிலை இன்றைக்கும் 1970 பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. டைம்-டி ஓர் எண், அவ்வளவே. எந்த அலகு என்பது அந்தந்தக் கணினியின் பாடு. நொடி, 1970 என்று உறுதி செய்வது போசிக்ஸ் என்ற தனித் தரநிலை. இரண்டு கணங்களைக் கழித்து நொடி காண டிஃப்டைம் என்று ஒரு செயல்கூறு எதற்கு, நேராகக் கழித்தால் ஆகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். அலகு இதுதான் என்ற உறுதி இல்லாததே அதற்குக் காரணம்.

எண்ணைத் தேதியாக உடைப்பது லோக்கல்டைம், ஜிஎம்டைம் என்ற இரண்டின் வேலை. முதலாவது உள்ளூர் நேரத்தில் உடைக்கும், இரண்டாவது கிரீன்விச் நேரத்தில். உடைந்த துண்டுகள் டிஎம் என்ற கட்டமைப்பில் வந்து உட்காரும். அந்தக் கட்டமைப்பில்தான் கல்லூரிப் பையன்கள் கால் தடுக்கி விழுகிறார்கள். நாள் 1 முதல் 31 வரை, சரி. மாதமோ 0 முதல் 11 வரை. கிழமை ஞாயிறு 0. வருஷம் 1900 கழித்தது போக மிச்சம். 2000-ஆம் வருஷம் பிறந்தபோது உலகின் பல இணையப் பக்கங்கள் 19100 என்று காட்டியதற்கு இதுவே காரணம்: 1900-ஐக் கூட்ட வேண்டிய இடத்தில் முன்னால் 19 என்று எழுத்தாக ஒட்டியிருந்தார்கள். 99 வரை ஒட்டியது வெளியே தெரியவில்லை.

தோட்டக் கணக்கில் இதைவிட மோசமான வழுக்கல் ஒன்று உண்டு. மூத்த தொழிலாளிகள் பலருக்குப் பிறந்த வருஷம் மட்டும்தான் பதிவில் இருக்கும். நாளும் மாதமும் காலி. கட்டமைப்பு முழுவதையும் பூஜ்யமாக்கிவிட்டு வருஷத்தை மட்டும் 60 என்று போடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 0 என்றால் ஜனவரி. நாள் 0 என்றால்? ஜனவரி முதல் தேதிக்கு முந்தின நாள். டிஎம் துண்டுகளை மறுபடி ஓர் எண்ணாக்கும் எம்கேடைம் என்ற செயல்கூறு இதைப் பிழை என்று சொல்லாது. நல்லபிள்ளையாகத் திருத்தி 1959 டிசம்பர் 31 ஆக்கிவிடும். 1960-இல் பிறந்தவர் சத்தமில்லாமல் 1959-க்குப் போய்விடுகிறார். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 58 வயது கணக்குப் பார்க்கிற இடத்தில் இது சில்லறை விஷயம் இல்லை.

எம்கேடைமின் இந்தத் திருத்தும் குணம் பல நேரம் வரம்தான். இன்றிலிருந்து 45 நாள் கழித்து என்ன தேதி என்று வேண்டுமானால், நாளோடு 45-ஐக் கூட்டி அதனிடம் கொடுத்தால் போதும். மாதக் கடைசியையும் மிகைநாள் ஆண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மாதத்தைக் கூட்டும்போதுதான் சிக்கல். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 31. அதைத் திருத்தி, மிகைநாள் இல்லாத ஆண்டில் மார்ச் 3 என்று தரும். 1968 பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு 58 கூட்டினால் 2026-இல் அப்படி ஒரு தேதியே இல்லாததால் மார்ச் 1. அவருக்கு 58 நிறைவது பிப்ரவரி 28-இலா, மார்ச் 1-இலா என்பதைச் சட்டமும் அலுவலக விதியும்தான் சொல்ல வேண்டும். சி தன் பாட்டுக்கு ஒரு முடிவெடுத்துவிடுகிறது. அது முடிவெடுத்தது நமக்குத் தெரிவதும் இல்லை.

இன்னொன்று: எம்கேடைமால் விடை காண முடியாவிட்டால் −1 என்று தரும். ஆனால் −1 என்பது செல்லுபடியான ஒரு கணமும்கூட. நம் நேரத்தில் 1970 ஜனவரி 1, காலை 5.29.59. 1970-க்கு முன் பிறந்த ஒவ்வொருவரின் தேதியும் கழித்தல் எண்ணாகத்தான் வரும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் லோக்கல்டைம் கழித்தல் எண்ணைக் கண்டால் உடைக்கவே மறுத்துவிடும். ஓய்வுபெறப் போகும் தலைமுறை முழுக்க அந்தப் பக்கம் பிறந்தவர்கள்.

என் கருத்து இதுதான்: பிறந்த தேதியை டைம்-டியில் வைக்கவே கூடாது. யாரும் பிறந்த தேதிக்கு நொடி கேட்பதில்லை. வருஷம், மாதம், நாள் என்று மூன்று எண்ணாக வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே குறித்து வையுங்கள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷம்

எங்கள் பீர்மேடு தாலுகாவில் ஒரு தேதி இருக்கிறது. உலகில் சி படிக்கும் எவருக்கும் அதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கலாம். முல்லைப் பெரியாறு அணைக் குத்தகை. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் செயலருக்கும் இடையே 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தானது. குத்தகைக் காலம் 999 ஆண்டு. தொடக்கம் கையெழுத்து நாள் அல்ல. பத்து மாதம் முன்னே, 1886 ஜனவரி 1. அந்த ஜனவரி முதல் தேதியில் பெரியாற்றங்கரையில் குத்தகை தொடர்பாக எதுவும் நடக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து பேசியவர்கள் அன்றிலிருந்து கணக்கு என்று ஒத்துக்கொண்டார்கள். தேதி கணம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதை 32 பிட் டைம்-டியில் போட்டுப் பார்ப்போம். குறியோடு கூடிய 32 பிட் எண் தாங்கும் எல்லை 2,147,483,647 நொடி. பின்பக்கம் 1901 டிசம்பர் 13, முன்பக்கம் 2038 ஜனவரி 19. இரண்டும் கிரீன்விச் கணக்கில். 1886 ஜனவரி 1 என்பது 1970-க்கு 30,680 நாள் முன்னே, அதாவது −2,650,752,000. எல்லைக்கு வெளியே. குத்தகை முடிவது 2884 கடைசியில். அது ஏறக்குறைய 2,887 கோடி நொடி. அதுவும் வெளியே. தலையும் கொள்ளவில்லை, வாலும் கொள்ளவில்லை. இடையில் 1970 மே 29-இல் கேரளமும் தமிழ்நாடும் போட்ட துணை ஒப்பந்தம் மட்டும் உள்ளே வரும். இந்திய நேரப்படி அன்றைய நாள் தொடங்குவது 12,767,400-ஆவது நொடியில். நூற்றாண்டுகள் பேசும் ஒரு காகிதத்தில் அந்த 32 பிட்டுக்குள் சிக்குவது 136 வருஷத் துண்டு மட்டும். டிஎம் கட்டமைப்பிலோ இடைஞ்சலே இல்லை. வருஷம் என்ற இடத்தில் −14 என்றும் 984 என்றும் போட்டால் தீர்ந்தது.

64 பிட் டைம்-டி இதை ஒரு வாயில் விழுங்கிவிடும். அதன் எல்லை 29,000 கோடி ஆண்டுக்கும் மேல். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. 1886-இல் இங்கே மணி எத்தனை? இந்திய நேரம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. அது 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்கு முன் ரயிலும் தந்தியும் ஓடியது மதராஸ் நேரத்தில். உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் 'ஆசியா/கொல்கத்தா' என்ற வரிசையைத் திறந்தால், 1870 முதல் 1905 முடிய 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று இருக்கிறது. அது மதராஸ் நேரம். கீழே வந்தால் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போர்க்காலத்துக்காக, ஆறரை மணி. இந்தியாவில் கோடைநேர மாற்றம் கிடையாது என்று நாம் சொல்வது 1945-க்குப் பிறகுதான் உண்மை.

டிஎம் கட்டமைப்பில் கோடைநேரம் நடப்பில் இருக்கிறதா என்று குறிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதில் −1 போட்டு விட்டால் கணினியே பார்த்துக்கொள்ளும். இங்கே பலர் அதை நிரப்புவதே இல்லை. இந்தியாவில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே நிரலை டொரன்டோவில் இருக்கும் மச்சான் ஓட்டும்போதுதான் ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

பழைய நேரமா, புது நேரமா

அயல்நாட்டு உதாரணத்துக்கு டொரன்டோ வரை போக வேண்டியதுமில்லை. இலங்கையில் 1996-இல் மழை பொய்த்து மின்சாரம் பற்றாமல் போனபோது, மே 25-இல் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதே வருஷம் அக்டோபர் 26-இல் அரை மணி குறைத்து ஆறு. பத்தாண்டு கழித்து 2006 ஏப்ரல் 15-இல் மறுபடி ஐந்தரை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, ஐந்தரையிலேயே இருந்தன. ஒரே தீவில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி மாறும். யாரையாவது பார்க்க நேரம் குறித்தால், பழைய நேரமா புது நேரமா என்று கேட்க வேண்டியிருந்தது.

தரவுத்தளத்தில் 'ஆசியா/கொழும்பு' என்று ஒரே வரிசைதான். 2000-இல் கிளிநொச்சியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பின் மணியை அந்த வரிசையை வைத்து மாற்றினால் அரை மணி பிழைக்கும். நிரலில் எந்தத் தப்பும் இல்லாமலே விடை தப்பாகும்.

நாள் எண்ணிக்கைக்கும் இதே கதி. இரண்டு தேதிகளை எம்கேடைமில் கொடுத்து, கழித்து, ஒரு நாளின் நொடிகளான 86,400-ஆல் வகுப்பது எல்லாரும் செய்யும் வழி. கொழும்பு நேரப்படி 1996 மே 24 நள்ளிரவுக்கும் மே 26 நள்ளிரவுக்கும் இடையே 47 மணி நேரம்தான். முழு எண்ணாக வகுத்தால் இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கும். வட்டிக் கணக்கு எழுதுபவருக்கு இது புரியும். 2006 ஏப்ரல் 15-இலோ நள்ளிரவு கடந்த முதல் அரை மணி இரண்டு முறை வந்தது, 12.15 என்றால் எந்த 12.15? டிஎம் கட்டமைப்பில் இதைச் சொல்ல இடமில்லை.

நாளை நாளாகவே எண்ணுவது இதற்கு மாற்று. எண்ணுவதற்கு நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று ஒரே எண்ணாக வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குவார்கள். அகர்கணம் என்று அதற்குப் பெயர். கேரளத்தில் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தை முடித்த நாளை அந்த நூலின் கடைசிச் சொல்லுக்குள், எழுத்துகளை எண்களாகப் படிக்கும் கடபயாதி முறையில் ஒளித்து வைத்திருக்கிறார்: 17,12,210-ஆவது கலிநாள், கி.பி. 1586. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-இல் மதராஸில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே கிரகணம் கணித்ததை விவரிக்கிறார். அந்தக் கணிதருக்கு டைம்-டியை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். எங்கள் கல்லூரி நாட்களில் எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

அதற்கு ஒரு காரணம் டர்போ சி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ கல்லூரி ஆய்வகங்களில் அந்த நீலத்திரை, உலகம் அதைக் கைவிட்டு வெகு காலம் ஆன பிறகும் ஓடியது. அதில் கெட்டேட், கெட்டைம் என்று டாஸுக்கே உரிய இரண்டு செயல்கூறுகள் உண்டு. மாதம் 1-இல் தொடங்கும், வருஷம் முழுசாக வரும். பையன்கள் அதைப் பழகிக்கொண்டு லினக்ஸுக்கு வந்தால் எதுவும் ஓடாது. பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் படித்து வந்த கேரளத்துப் பிள்ளைகள் கல்லூரியில் டாஸுக்குப் பின்னேறிப் போன கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

அச்சில் ஏற்றுவது

தேதியை எழுத்தாக்க சி தருபவை முக்கியமாக இரண்டு. சிடைம் என்பது பழையது. ஆங்கிலக் கிழமை, ஆங்கில மாதம், நாள், மணி, வருஷம் என்று 26 இடம் கொண்ட ஒரே அச்சு. கடைசியில் கேட்காமலே ஒரு வரிமுறிவும் வரும். 2024-இல் வெளியான சி23 தரநிலை இதைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சேர்த்தது நல்லது.

ஸ்ட்ரெஃப்டைம்தான் இன்று பயன்படுத்த வேண்டியது. எந்த வடிவில் வேண்டும் என்று குறியீடுகளால் சொன்னால் அப்படியே தரும். விழுக்காட்டுக் குறியை அடுத்துச் சின்ன எம் வந்தால் மாதம். பெரிய எம் வந்தால் நிமிடம். 14-04-2025 வர வேண்டிய இடத்தில் 14-35-2025 என்று வந்தால் அந்தக் குழப்பம்தான். பெரிய ஒய் வருஷம். பெரிய ஜி-யும் வருஷம் போலவே தெரியும். ஆனால் அது வார அடிப்படையிலான வருஷம். 2025 டிசம்பர் 29 திங்களன்று அது 2026 என்று காட்டும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு வருஷக் கடைசியில் மட்டும் கழுத்தறுக்கும் பிழை இது, சோதனையில் அகப்படாது.

தமிழில் அச்சிட வேண்டுமானால் செட்லொக்கேல் என்ற கட்டளையால் வட்டாரத்தைத் தமிழாக்க வேண்டும். லினக்ஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டும் உண்டு. கிழமையும் மாதமும் தமிழில் வந்துவிடும். நான் மகிழ்ந்துபோய்ச் சீட்டில் இதைச் சேர்த்தேன். எழுத்துக்கு 32 பைட் ஒதுக்கியிருந்தேன். ஆங்கிலத்தில் கிழமை, நாள், மாதம், வருஷம் எல்லாம் சேர்த்தாலும் 28 பைட்டைத் தாண்டாது என்று அளந்துதான் ஒதுக்கினேன். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'வெள்ளி' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு 18 பைட். 'செப்டம்பர்' 30 பைட். 'வெள்ளி, 12 செப்டம்பர் 2025' என்று அச்சிட 58 பைட்டும் முடிவுக்குறிக்கு ஒன்றும் வேண்டும். இடம் போதாவிட்டால் ஸ்ட்ரெஃப்டைம் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். ஒதுக்கிய இடத்தில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பூஜ்யத்தைப் பார்க்காமல் விட்ட குற்றத்துக்கு இரண்டாம் முறை பிடிபட்டேன். இடத்தைக் கூட்டிய பிறகும் சீட்டின் பத்திகள் கோணலாகவே வந்தன. அகலத்தையும் சி பைட்டில்தான் அளக்கிறது.

முற்பகல், பிற்பகலுக்கு ஸ்ட்ரெஃப்டைமில் இரண்டே சொல்லுக்குத்தான் இடம். காலை, மாலை என்று வைத்தால் ராத்திரி பதினொன்றரை 'மாலை 11.30' ஆகிவிடும். விடியற்காலை, காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று பேசுகிற மொழிக்கு அது போதாது. நானே ஐந்து கிளையில் எழுதிக்கொண்டேன். பத்து வரி வேலை.

வேறொரு பிழையை வருகைப் பதிவு எழுதும் எவரும் ஒரு முறையாவது செய்திருப்பார்கள். காலையில் வந்த நேரத்தை லோக்கல்டைமில் உடைத்து வைத்துக்கொள்கிறோம். சாயங்காலம் போன நேரத்தையும் உடைக்கிறோம். அச்சிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்கும். லோக்கல்டைம் தருவது தனக்கென்று வைத்திருக்கும் ஒரே பலகையின் முகவரி. இரண்டாம் முறை கூப்பிட்டதும் பலகையை அழித்து எழுதிவிடும். நம் கையில் இருப்பது ஒரே பலகைக்கு இரண்டு முகவரி. நம் பலகையையே கொடுத்து எழுதி வாங்கும் லோக்கல்டைம்-ஆர் என்ற வடிவம் போசிக்ஸில் முன்பே உண்டு; சி தரநிலைக்குள் அது சி23-இல்தான் நுழைந்தது. கிரீன்விச் தேதியை எண்ணாக்கும் டைம்ஜிஎம்மும் அப்போதுதான் வந்தது. எழுத்திலிருந்து தேதி படிக்கும் ஸ்ட்ர்ப்டைமோ இன்னும் வெளியே நிற்கிறது.

விஷுவும் சித்திரையும்

எங்கள் மலையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: கொல்லம் ஆண்டை ஸ்ட்ரெஃப்டைம் தருமா? தராது. பழைய திருவிதாங்கூர் ஆதாரங்களில் கொல்லம் தேதிதான் இருக்கும். குத்தகை தொடங்கிய 1886 ஜனவரி 1 என்பது கொல்லம் 1061 தனு. ஜப்பானிய அரசர் ஆண்டுகளுக்காக ஸ்ட்ரெஃப்டைமில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2019 மே 1-இல் ரெய்வா ஆண்டு தொடங்கியபோது பட்டியலில் ஒரு வரி சேர்த்தார்கள், முடிந்தது. அது நமக்கு உதவாது. ஜப்பானில் மாறுவது ஆண்டின் பெயர் மட்டும். மாதமும் நாளும் ஆங்கிலத்தவையே. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் ஒன்றில் திரும்புகிறது. மாதத் தொடக்கத்தை முடிவு செய்வது சூரியன் ராசி மாறும் கணம்.

கணம் ஒன்றேயானாலும் தேதி இரண்டாகும் விந்தை இங்கேதான். சூரியன் அஸ்தமனத்துக்குள் ராசி மாறினால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கு. மலையாள வழக்கில் எல்லை பிற்பகல் ஒன்றேகால் மணிவாக்கில் முடிந்துவிடும். அதற்குப் பின் மாறினால் மறுநாள்தான் முதல் தேதி. 2023-இல் சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது ஏப்ரல் 14 பிற்பகலில். தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. விஷு ஏப்ரல் 15. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் வடை பாயசம், பக்கத்து வீட்டில் மறுநாள் விடியலில் கணி. டைம்-டிக்கு அந்தப் பெயர்ச்சி ஒரே எண். அதற்குப் பெயர் வைப்பதில்தான் இரண்டு வீட்டுக்கும் இரண்டு விதி. இந்த விதிகளை சி நூலகத்துக்குள் திணிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒவ்வோர் ஆண்டின் மாதப் பிறப்புத் தேதிகளையும் அச்சுப் பஞ்சாங்கத்திலிருந்து அட்டவணையாக எடுத்து நிரலில் வைத்துக்கொள்வதே யோக்கியமான வழி.

மிகைநொடி பற்றி ஒரு வரி. பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க 1972 முதல் 27 நொடிகள் சேர்க்கப்பட்டன. கடைசியானது நமக்கு 2017 ஜனவரி 1 காலை 5.30-க்குச் சற்று முன், 5.29.60 என்று வந்தது. டிஎம்மில் நொடி 60 வரை போக இடமிருக்கிறது. போசிக்ஸோ ஒவ்வொரு நாளும் 86,400 என்றே சாதிக்கும். 2035-க்குள் இந்த வழக்கத்தை விட்டுவிடுவதென்று 2022-இல் முடிவானதால் இதற்காக யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

பிய்த்துக்கொள்ள வேண்டியது 2038. லினக்ஸ் 5.6 பதிப்பு 2020-இலும், ஜிலிப்சி நூலகத்தின் 2.34 பதிப்பு 2021-இலும் 32 பிட் கணினிகளுக்கு 64 பிட் நேரத்தைக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் பழைய நிரலை மறுபடி தொகுத்தால்தான் அது கிடைக்கும். எடை மேடையிலும் டிக்கெட் மெஷினிலும் மின்கணக்கிலும் இருக்கும் சின்னச் சில்லுகளை யாரும் தொகுப்பதில்லை; உடையும் வரை ஓட்டுவதே நம் வழக்கம். ஏலப்பாறையில் இன்று வாங்கி மாட்டும் கருவி 2038 வரை உழைக்காது என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

உங்கள் கடையிலோ கொட்டகையிலோ அப்படி ஒன்று இருந்தால், வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதன் தேதியை 2038 ஜனவரி 19, காலை 8.40 என்று தள்ளி வைத்து, ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 8.44.07-க்கு அடுத்த நொடியில் சில கருவிகள் 1901 டிசம்பர் 14, சனிக்கிழமை, அதிகாலை 2.15.52 என்று காட்டும். மண்டலத் தரவுத்தளம் முழுதாக இருக்கும் கருவியானால் 2.07.02 என்று காட்டும்; அது மதராஸ் நேரம். எதுவும் ஆகாமல் 8.44.08 என்று வந்தால் தேதியைப் பழையபடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். 2038-இல் அந்த நாள் செவ்வாய்க்கிழமை. தோட்டத்தில் வேலை நாள்.